பார்கு பிளேட்டா, பிளாஸ்டர் சிலையா, மாடலா? பிரெஞ்சு அகாதெமி முறையில் உருவம் வரையப் பழக எதைத் தேர்ந்தெடுப்பது

பிரெஞ்சு அகாதெமி முறையில் மனித உருவம் வரையக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். ஷார்ல் பார்குவின் பிளேட்டுகளை, அதாவது நகல் எடுத்துப் பழகுவதற்கான அச்சுப் படங்களை, இணையத்திலிருந்து இறக்கி வைத்தாயிற்று, ஒரு பாதமும் ஒரு காதும் வரைந்தாயிற்று, அதற்குப் பிறகு சந்தேகம் வந்துவிடுகிறது. இதையே தொடர்வதா, பிளாஸ்டர் சிலை ஒன்று வாங்கிக்கொள்வதா, காசு கொடுத்து மாடல் வகுப்புக்குப் போவதா, இல்லை வேலையை விட்டுவிட்டு ஃபுளோரன்ஸ் மாதிரி ஒரு ஊரில் முழுநேரமாகப் படிப்பதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாகப் பழகுகிறவர்கள் பிளேட்டுகளில் மிக அதிகக் காலம் செலவிடுகிறார்கள், பிளாஸ்டரை அநேகமாகத் தொடுவதே இல்லை, மாடலிடம் மிகத் தாமதமாகப் போகிறார்கள். ஆனாலும் பிளேட்டே சரியான தேர்வாக இருக்கும் ஆட்களும் உண்டு. நீங்கள் எந்த ஆள் என்பதைப் பார்க்க, இந்த வரிசை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது உதவும்.

பாரிஸில் இருந்த வரிசை

ராஜாங்க ஓவிய, சிற்ப அகாதெமி பாரிஸில் 1648இல் தொடங்கியது. நிர்வாண மாடலை நிறுத்திவைத்து வகுப்பு நடத்தும் உரிமையை அது தன் கையிலேயே வைத்துக்கொண்டது. புரட்சியின்போது, 1793இல், அகாதெமியைக் கலைத்துவிட்டார்கள். ஆனால் பாடமுறை கலையவில்லை, அது எகோல் தே போஸார் என்ற பாரிஸ் நுண்கலைப் பள்ளிக்கு வந்து 19ஆம் நூற்றாண்டு முழுக்க நீடித்தது. முதலில் அச்சுப் படங்களைப் பார்த்து நகல் எடுக்கவேண்டும், அடுத்து பிளாஸ்டர் சிலைகள், கடைசியில்தான் உயிருள்ள மாடல். 1863 சீர்திருத்தம் வரும்வரை அந்தப் பள்ளிக்குள் வண்ணம் தீட்டச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அதை மாணவன் வெளியே ஏதாவது ஒரு ஓவியரின் அட்டெலியேவில், அதாவது பயிற்சிக்கூடத்தில், கற்றுக்கொள்ளவேண்டும், பள்ளியில் கோடும் நிழலும் மட்டும்தான்.

இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அச்சுப் படத்தில், முப்பரிமாணத்தைத் தட்டையாக்கும் வேலையை வேறொருவர் செய்து முடித்துவிட்டார், நீங்கள் அதை அளந்து எடுத்து வைத்தால் போதும். பிளாஸ்டரில் தட்டையாக்குவது உங்கள் பொறுப்பு, ஆனால் அது நகராது, நிறமும் இல்லை. மாடலுக்கு வந்தால் நிறம் உண்டு, மூச்சு உண்டு, களைப்பு உண்டு, அரை மணி நேரத்தில் இடுப்பு ஒரு விரல் அளவு இறங்கிவிடும். ஒவ்வொரு படியிலும் ஒரு ஊன்றுகோலைப் பிடுங்கிவிடுகிறார்கள்.

எல்லோரும் இந்த வரிசைப்படியே ஏறவில்லை என்பதும் முக்கியம். சேன் நதியோரம் இருந்த அகாதெமி சுவிஸில் ஆசிரியரே கிடையாது, தேர்வும் கிடையாது, மாடல் மட்டும் இருப்பார்; பின்னாளில் பெரிய ஓவியர்களான பிஸ்ஸாரோ, மோனே, செஸான் எல்லோரும் அங்கே உட்கார்ந்து வரைந்தவர்கள்தான். ரொதோல்ஃப் ஜூலியன் 1868இல் தொடங்கிய பள்ளியில் ஆசிரியர்கள் வந்து திருத்திவிட்டுப் போவார்கள். போஸார் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அதனால் உருவம் வரையக் கற்க வந்த பெண்கள் ஜூலியனுக்குப் போனார்கள், ஆண்கள் கட்டியதைப்போல இரண்டு மடங்கு கட்டணம் கட்டிக்கொண்டு. எங்கே தொடங்குவது, யாரிடம் திருத்தம் வாங்குவது, எவ்வளவு செலவழிப்பது என்ற நம் கேள்விகள் எல்லாம் அன்றைக்கே இருந்தவைதான்.

எதை வைத்து ஒப்பிடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, கண்ணுக்கு என்ன பழக்கம் வருகிறது என்பது. அளவும் கோணமும் பிடிப்பது ஒரு திறமை. ஒளி எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பது இன்னொன்று. உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கிறது, அசைவு எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது மூன்றாவது. மூன்றும் ஒரே பயிற்சியில் சமமாக வளராது.

இரண்டாவது, தப்பை யார் காட்டுவது. என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது, ஆனால் முடிவெடுக்கும்போது யாரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தனியாக உட்கார்ந்து வரைகிறவருக்குத் தன் தப்பு தெரியாது, தெரிந்தால் வரைந்திருக்கவே மாட்டாரே. ஆகவே ஒரு பயிற்சி தன் தப்பைத் தானே காட்டிக்கொடுக்குமா, அல்லது அதற்கு ஒரு ஆள் வேண்டுமா என்று பாருங்கள்.

மூன்றாவது, பணம். விலைப்பட்டியலில் இருப்பதும் சரி, அதில் இல்லாததும் சரி.

நான்காவது, அது எவ்வளவு காலம் பயன் தரும் என்பது. சில பயிற்சிகள் சீக்கிரம் வற்றிவிடும். வற்றியது தெரியாமல் ஆட்கள் ஆண்டுக்கணக்கில் அதிலேயே இருப்பார்கள்.

பார்கு பிளேட்டுகள்

கூப்பில் என்ற பாரிஸ் பதிப்பகம் 1860களின் பிற்பாதியில் வெளியிடத் தொடங்கிய கல்லச்சுத் தொகுப்பு இது. வரைந்தவர் ஷார்ல் பார்கு, உடன் நின்றவர் போஸார் பேராசிரியர் ழான்-லெயோன் ஜெரோம், அவர் கூப்பில் வீட்டு மருமகனும்கூட. மொத்தம் 197 பிளேட்டுகள், மூன்று பகுதிகள். முதல் பகுதியில் பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்து வரைந்தவை 70. இரண்டாம் பகுதியில் பழைய மேதைகளின் வரைபடங்களிலிருந்து எடுத்த 67, அதில் ஹோல்பைன் நிறைய. மூன்றாம் பகுதியில் ஆண் மாடல்களின் முழு உருவங்கள் 60.

முதல் பகுதியின் சிறப்பு, பல பிளேட்டுகளில் முடித்த படத்துக்குப் பக்கத்திலேயே அதன் எலும்புக்கூட்டையும் தந்திருப்பது. ஒரு செங்குத்துக் கோடு, நாலைந்து சாய்வுக் கோடுகள், வளைவுகளையெல்லாம் நேர்கோடுகளாக வெட்டிய ஒரு வெளிக்கோடு. ஒரு பாதத்தை அவர் எத்தனை குறைவான கோடுகளில் பிடித்துவிடுகிறார் என்று பார்ப்பதே ஒரு படிப்பு. அளவு, கோணம், நிழலின் விளிம்பு ஆகியவற்றைப் பழக இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. இன்னொரு பெரிய வசதி, தப்பை இதுவே காட்டிவிடும். மூலமும் நகலும் ஒரே அளவில் இருந்தால் டிரேசிங் தாளை மேலே வைத்துப் பார்த்துவிடலாம், ஆசிரியர் தேவையில்லை. தனியாகப் பழகுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி முடியாது.

வெளியே தெரியாத செலவுகளுக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் ஸ்கேன்களில் பாதி மோசமானவை. நடுத்தர டோன்கள், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடைப்பட்ட அளவுகள், கரைந்து, கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சியிருக்கும். தெருமுனைக் கடையில் லேசர் பிரிண்ட் எடுத்தால் இன்னும் கொஞ்சம் போய்விடும், கறுப்பு பளபளக்கும். நல்ல ஸ்கேனைத் தேடி, மேட் தாளில், ஏ3 அளவுக்காவது அச்சிட்டுக்கொள்ளுங்கள். ஃபோன் திரையைப் பார்த்து நகல் எடுக்கவே வேண்டாம், பின்னாலிருந்து ஒளி வரும் திரையில் இருக்கும் வெள்ளையைத் தாளில் கொண்டுவர முடியாது.

பணத்தைவிடப் பெரிய செலவு நேரம். கூரான பென்சிலை வைத்துக்கொண்டு ஒரே பிளேட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, தாளின் ஒவ்வொரு மயிரையும் நிரப்பும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் சில நாளில் அளவும் நிழலும் சரியாக வந்தபிறகு மிச்சமெல்லாம் பொறுமைக்கான பயிற்சி, அதில் கண் புதிதாக எதையும் பார்ப்பதில்லை. ஒரு பிளேட்டுக்குப் பத்துப் பதினைந்து மணி நேரம், அதற்குமேல் வேண்டாம் என்பேன். கரிக்குச்சியில் வரைந்தால் அதுவே தாராளம். துணியால் தட்டினால் போய்விடும், திருத்தத் தயக்கம் வராது. அந்தக் காலத்து மாணவர்கள் கரியை அழிக்க ரொட்டியின் மெத்துப்பகுதியை வைத்திருந்தார்கள், நமக்கு மாவுபோலப் பிசையக்கூடிய நீடட் ரப்பர் இருக்கிறது.

அப்புறம், எல்லோரும் தவறவிடுவது மூன்றாம் பகுதி. அதில் ஷேடிங் மிகக் குறைவு, கிட்டத்தட்ட வெறும் கோடுதான், அதனால் பார்க்க மந்தமாக இருக்கும், சமூக ஊடகத்தில் போட்டால் யாரும் பாராட்டமாட்டார்கள். ஆனால் உயிருள்ள மாடலுக்கு முன்தயாரிப்பாக வந்ததே அந்தப் பகுதிதான். கூப்பில் நிறுவனத்தில் வேலைபார்த்து வெளியேறிய வின்சென்ட் வான் கோ, 1880இல் பெல்ஜியத்துச் சுரங்கப் பகுதியில் இருந்தபோது ஓவியராவது என்று முடிவெடுத்து, இந்த 60 உருவங்களையும் திரும்பத் திரும்ப வரைந்தார். 1890இல், கடைசி மாதங்களிலும் அதே தொகுப்பை மறுபடி அனுப்பச் சொல்லி தம்பியிடம் கேட்டார். உருவம் வரையவேண்டும் என்பதே நோக்கமென்றால், காதும் மூக்கும் ஐந்தாறு போதும், மூன்றாம் பகுதிக்குத் தாவுங்கள்.

எப்போது இது சரி: வரைவதற்கே புதியவராக இருந்தால், அருகில் ஆசிரியர் இல்லாவிட்டால், ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால்.

எப்போது போதும்: பார்த்தவுடனே கோணம் ஓரளவு சரியாக விழுகிறது, ஆனால் எதிரே ஒரு ஆப்பிளை வைத்து வரையச் சொன்னால் கை ஓடவில்லை என்றால். தட்டையானதைத் தட்டையாக நகல் எடுக்கும் திறமை வந்துவிட்டது, அதற்குமேல் பிளேட்டிடம் கொடுக்க ஒன்றும் இல்லை.

பிளாஸ்டர் சிலை

மூன்றில் அதிகம் மறக்கப்பட்டது இது. பலருக்கு பிளாஸ்டர் என்றாலே பழைய ஓவியக் கல்லூரியின் தூசி படிந்த அறைதான் ஞாபகம் வருகிறது. ஆனால் ஒளியும் உருவமும் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று புரிந்துகொள்ள வேறெதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. வெள்ளைப் பொருள், ஒரே விளக்கு, அசைவில்லை. எது நிழல், எது நிழலுக்குள் திரும்பி வரும் வெளிச்சம், எது ஒளிப்பக்கத்திலேயே இருக்கும் நடுத்தர டோன் என்று நீங்களே தீர்மானிக்கவேண்டும். நிழலுக்குள் இருக்கும் வெளிச்சத்தை எல்லோரும் முதலில் ரொம்ப வெளுப்பாகப் போட்டுவிடுவார்கள். பிளாஸ்டரில் அந்தத் தப்பு உடனே முகத்தில் அறையும், உருண்டையாக இருக்கவேண்டியது உடைந்து தெரியும்.

பழைய கிரேக்க, ரோமச் சிலைகளின் வார்ப்பை ஏன் வைத்தார்கள் என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. சிற்பி ஏற்கெனவே தேவையில்லாததை நீக்கிவிட்டார். பெல்வெடர் முண்டம் என்ற பழைய சிலையில் தோலின் சுருக்கமில்லை, முடியில்லை, விலாவும் வயிறும் பெரிய பெரிய தளங்களாகத் திரும்புகின்றன. அதில் பழகிய கண், பிறகு மாடலின் முதுகில் அதே தளங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும்.

ஓவியர் மத்தீஸ் போஸார் நுழைவுத் தேர்வில் தேறாமல் இருந்தபோது அந்தப் பள்ளியின் கண்ணாடிக் கூரை முற்றத்தில் நின்ற பிளாஸ்டர் சிலைகளைத்தான் வரைந்துகொண்டிருந்தார், அங்கே ஆசிரியராக இருந்த குஸ்தாவ் மொரோ அவரைத் தன் வகுப்புக்குள் எடுத்துக்கொண்டது அப்படித்தான். செஸான் வயதான பிறகும் லூவர் அருங்காட்சியகத்தில் பியேர் ப்யூஜேயின் சிற்பங்களை வரைந்துகொண்டிருந்தார். அகாதெமியோடு ஒத்துப்போகாத இந்த இரண்டு பேரே சிலையை விடவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

சிலைக்கு எங்கே போவது? லூவரோடு சேர்ந்து வளர்ந்த வார்ப்புப் பட்டறை இன்றும் பாரிஸுக்கு வடக்கே சேன்-தெனியில் வேலை செய்கிறது, தரம் பிரமாதம், விலையும் அப்படியே, கப்பலில் வரும்போது உடையும் பயம் வேறு. அதனால் முதலில் உள்ளூர்ச் சிற்பக்கலை மாணவர்களிடமோ பிளாஸ்டர் வேலை செய்கிறவர்களிடமோ கேளுங்கள். இன்னொரு வழியும் உண்டு: பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் ஆல்ஜினேட் பொடியை வாங்கி, வீட்டில் ஒருவரின் கையையோ பாதத்தையோ அச்செடுத்து பிளாஸ்டர் ஊற்றிக்கொள்ளலாம். செலவு கொஞ்சம்தான். பழைய சிற்பியின் தெளிவு அதில் இருக்காது, தோலின் ஒவ்வொரு ரேகையும் வந்து குறுக்கே நிற்கும், ஆனாலும் ஒளி பழக அது போதும்.

கோயில் சிற்பமோ சோழர் செப்புத் திருமேனியோ இதற்கு ஆகாதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எடை எந்தப் பக்கம் சாய்கிறது, வெளிக்கோடு எப்படி ஓடுகிறது என்று பழக அவை மிக உயர்ந்தவை. ஆனால் அந்தச் சிற்பிகள் தசையைத் தனித்தனியாகக் காட்ட விரும்பவில்லை, செம்பின் பளபளப்பில் நடுத்தர டோனும் தெரியாது. அகாதெமி முறை கேட்கும் பாடம் அங்கே இல்லை, அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

இதன் மறைவான செலவு இடமும் ஒளியும். சிலை, தாளை நிறுத்திவைக்கும் ஈசல் சட்டம், நீங்கள் பின்னால் நடந்துபோய்ப் பார்க்க ஏழெட்டு அடி, இவை வாரக்கணக்கில் அசையாமல் இருக்கவேண்டும். கூடத்தில் வைத்தால் பெருக்குகிறவர் நகர்த்திவிடுவார், ஒரு அங்குலம் போதும் நிழலெல்லாம் மாற.

ஒளியைப் பற்றிப் பழைய பாடநூல்கள் எல்லாம் வடக்கு ஜன்னல் என்று சொல்லும். பாரிஸ் ஏறத்தாழ 49 டிகிரி வடக்கில் இருக்கிறது, அங்கே நடுப்பகல் வெயில் எப்போதும் தெற்கிலிருந்துதான் வரும், வடக்கு ஜன்னலில் மாறாத மெல்லிய வெளிச்சம் கிடைக்கும். சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நமக்கு உச்சி வெயிலே வடக்குப் பக்கம் சாய்ந்துதான் நிற்கும். காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாக நேரடி வெயில் உள்ளே விழும். ஆகவே அந்த அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜன்னலைத் திரையிட்டு மூடி, நல்ல நிறத்தரம் உள்ள ஒரு எல்இடி விளக்கை மேலேயிருந்து 45 டிகிரி சாய்வில் விழும்படி கட்டிவிட்டு, சிலைக்குப் பின்னாலும் பக்கத்திலும் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். ராத்திரியிலும் வேலை செய்யலாம், ஒளி மாறாது.

தப்பைக் காட்டுவது யார் என்ற கேள்விக்கு இங்கே பாதி பதில்தான் கிடைக்கும். சிலையையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே அளவில் தெரியும்படி தூரத்தில் நின்று ஒப்பிடும் முறையில் வெளிக்கோட்டுத் தப்புகளை நீங்களே பிடிக்கலாம். டோன் தப்புக்கு இன்னொரு கண் வேண்டும்.

எப்போது இது சரி: பிளேட்டில் அளவு வந்துவிட்டது, ஆனால் உங்கள் உருவங்கள் தட்டையாக இருக்கின்றன என்றால், மாடலுக்கு வழியில்லாத ஊரில் இருந்தால், ஒரு மூலையை நிரந்தரமாக ஒதுக்க முடிந்தால்.

எப்போது தவிர்க்கலாம்: வரைகிற மனிதர்களெல்லாம் கல்லாக உறைந்துவிட்டார்கள் என்று பார்ப்பவர்கள் சொல்லத் தொடங்கினால்.

உயிருள்ள மாடல்

மற்ற இரண்டும் இதற்காகத்தான். அகாதெமியின் முழு எடையும் இங்கேதான் விழுந்தது.

இன்று லைஃப் டிராயிங் என்று விளம்பரம் வந்தால் அது பெரும்பாலும் இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், இருபது நிமிட நிலைகளாக இருக்கும். பாரிஸ் முறை வேறு. மாடல் திங்கட்கிழமை ஒரு நிலையில் நிற்பார், சனிக்கிழமை வரை அதே நிலை, காலைச் சுற்றித் தரையில் சாக்பீஸ் குறி, கையை உயர்த்தினால் பிடித்துக்கொள்ள ஒரு கழியோ கயிறோ. மாணவன் முதல் நாள் நிழலைத் தொடவே கூடாது. அசைவின் பெரிய கோடு, எடை தாங்கும் கால், கழுத்துக்குழியிலிருந்து தொங்கவிடும் தூக்குநூல் எங்கே விழுகிறது, இதெல்லாம் சரியானபிறகுதான் மற்றது. ஒரு காலில் எடைபோட்டு நிற்கிறவரின் கழுத்துக்குழி அந்தக் காலின் பாதத்துக்கு மேலேயே இருக்கும். அது விலகினால் உங்கள் உருவம் விழப்போவதாகத் தெரியும், ஷேடிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

உங்கள் முன்னே இரண்டு வகை வகுப்பு இருந்து ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், அகாதெமி முறைக்கு நீண்ட நிலையையே எடுங்கள். இரண்டு நிமிட ஸ்கெட்ச் கையைத் தளர்த்தும், அசைவைப் பிடிக்கச் சொல்லும், ஆனால் தப்பைத் திருத்த நேரம் தராது. திருத்தாமல் அடுத்ததுக்குப் போய்க்கொண்டே இருந்தால் அதே தப்பு கையில் ஊறிவிடும். குறுகிய நிலை மட்டும் கிடைக்கும் ஊரில் இருந்தால் நிச்சயமாகப் போங்கள், போகாமலிருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல், ஆனால் கூட ஐந்தாறு பேர் சேர்ந்து மாதம் ஒருமுறையாவது ஒரு முழு நாள் நிலைக்கு ஏற்பாடு செய்யப் பாருங்கள்.

நீண்ட நிலைக்கும் குறை உண்டு, அதை 18ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தாளர் தெனி திதெரோ கடுமையாகச் சொல்லியிருக்கிறார். வீட்டு முற்றத்துக் கிணற்றில் நிஜமாகத் தண்ணீர் இறைக்கிறவனுக்கும், பள்ளி மேடையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இறைப்பதுபோல நடிக்கிறவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் சரிதான். இதற்குப் பாரிஸிலேயே ஒரு மாற்று உருவானது: லெகோக் தெ ப்வாபோத்ரான் என்ற ஆசிரியர் மாணவர்களை நினைவிலிருந்து வரையப் பழக்கினார், சிற்பி ரோதேனும் ஓவியர் ஃபாந்தேன்-லத்தூரும் அவரிடம் படித்தவர்கள். மாடல் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதே நிலையைப் பார்க்காமல் ஒருமுறை வரையுங்கள். எங்கே நினைவு வெறுமையாக இருக்கிறதோ அங்கே நீங்கள் வகுப்பில் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். காசில்லாத பயிற்சி, இதைப்போல வேகமாக முன்னேற்றுவது எதுவும் இல்லை.

மறைவான செலவுகள் இங்கேதான் அதிகம். மாடலுக்கான ஊதியம் வெளிப்படையானது, குழுவாகப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் உடை மாற்ற மறைவிடம், பூட்டக்கூடிய அறை, ஃபோன்களை வெளியே வைக்கும் கட்டாயம், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு, எந்த அளவு ஆடை என்று முன்பே பேசி வைப்பது, இதெல்லாம் ஏற்பாடு செய்கிறவரின் பொறுப்பு. இதில் அலட்சியம் காட்டும் வகுப்பிலிருந்து உடனே வெளியேறுங்கள், எவ்வளவு நல்ல ஆசிரியர் இருந்தாலும் சரி. நம் ஊரில் ஓவியக் கல்லூரிக்கு வெளியே நிர்வாண மாடல் வகுப்பு கிடைப்பது கடினம். அரை ஆடையில் நிற்கும் மாடல் கிடைத்தாலே பாடத்தின் பெரும்பகுதி வந்துவிடும்: தோள், முதுகு, முழங்கால், பாதம் தெரிந்தால் போதும். வேட்டி மட்டும் தரைவரை தொங்கினால் எடை தாங்கும் கால் மறைந்துவிடும், அதை மடித்துக் கட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு செலவு அனாடமிப் படிப்பு. மாடல் அசைந்துகொண்டே இருப்பதால், தோலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாதவர் கண்ணில் படும் மேடுபள்ளங்களை எல்லாம் வரைந்துவிடுவார். போஸாரில் பின்னாளில் அனாடமி பேராசிரியராக இருந்த போல் ரிஷே 1890இல் வெளியிட்ட கலைஞர்களுக்கான உடற்கூறு நூலின் படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அதோடு தொடங்குங்கள்.

தப்பைக் காட்டும் விஷயத்தில் மாடல் வகுப்பு மிக மோசம். டிரேசிங் வைத்துப் பார்க்க முடியாது, நிலை மாறிக்கொண்டே இருக்கும், தப்பை மாடல்மேல் போட்டுவிடலாம். திருத்த ஆள் இல்லாத மாடல் வகுப்பில் ஏற்கெனவே அளவு தெரிந்தவர் நிறையக் கற்பார், தெரியாதவர் கொஞ்சமும் நகரமாட்டார். பாரிஸில் மொன்பர்னாஸ் பகுதியின் கிராந்த் ஷோமியேர் அகாதெமியில் இன்றும் வாசலில் காசு கொடுத்துவிட்டு உள்ளே போய் மாடலை வரையலாம், திருத்த யாரும் வரமாட்டார்கள். ஓவியர் அம்ரிதா ஷெர்-கில் 1929இல் பாரிஸுக்கு வந்ததும் முதலில் சேர்ந்தது அந்த அகாதெமியில்தான், அதற்குப் பிறகு போஸாரில் லூசியேன் சிமோனிடம் போனார். பதின்பருவத்தின் கடைசியிலிருந்து அவர் வரைந்து தள்ளிய உருவப் பயிற்சிகள்தான் பின்னால் இந்தியாவில் அவர் தீட்டிய மனிதர்களுக்கு அந்த அமைதியான எடையைத் தந்தன என்று நினைக்கிறேன்.

எப்போது இது சரி: அளவு ஓரளவு கைவந்துவிட்டால், வாரம் ஒரு முறையாவது போக முடிந்தால், திருத்த ஒருவர் இருந்தால்.

முழுநேர அட்டெலியே

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது பெரும்பாலும் பணத்தைப் பற்றிய முடிவு. ஜெரோமிடம் படித்த அமெரிக்கர் வில்லியம் பாக்ஸ்டன், அவரிடம் படித்த ஐவ்ஸ் காமெல், அவரிடம் படித்த ரிச்சர்ட் லாக் என்று ஒரு கயிறு இன்றுவரை அறுபடாமல் வருகிறது. லாக்கிடம் படித்த டேனியல் கிரேவ்ஸ் 1991இல் தொடங்கியதுதான் ஃபுளோரன்ஸ் அகாதெமி ஆஃப் ஆர்ட். அங்கும், அதைப்போன்ற மற்ற இடங்களிலும், பார்கு நகல், பிளாஸ்டர், மாடல் என்ற மூன்றையும் சேர்த்தே நடத்துகிறார்கள், மூன்று நான்கு ஆண்டு எடுக்கும்.

நீங்கள் அங்கே விலைகொடுத்து வாங்குவது திருத்தம். மற்றதெல்லாம் வீட்டிலேயே கிடைக்கும். செலவில் கட்டணம் ஒரு பகுதிதான். ஐரோப்பிய நகரத்தில் வாடகை, விசா, அந்த ஆண்டுகளில் வராத சம்பளம், முடிவில் பல இடங்களில் பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதது எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இன்னொன்று, பக்கத்தில் வைத்து ஒரே அளவில் வரையும் முறைதான் அன்றைய பாரிஸின் ஒரே முறை என்று நினைத்துவிடாதீர்கள். நெரிசலான வகுப்பில் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்த மாணவன் பின்னால் நடந்துபோய்ப் பார்க்க இடமே இருந்திருக்காது. அவன் கையை நீட்டி பென்சிலில் அளந்து, தலையை அலகாக வைத்து ஒப்பிட்டே வரைந்தான். இரண்டையும் கற்றுத்தரும் இடமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

இளம் வயது, குடும்பப் பொறுப்பு இல்லை, இதையே தொழிலாகக் கொள்ளும் உறுதி இருக்கிறது, பணத்துக்குக் கடன் வாங்கத் தேவையில்லை என்றால் போங்கள். கடன் வாங்கித்தான் போகவேண்டும் என்றால், முதலில் ஒரு கோடைக்கால குறும்பயிற்சிக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஃபோட்டோ போதாதா?

இந்தக் கேள்வி எப்போதும் வரும். புகைப்படத்தை அந்தக் காலத்து ஓவியர்களும் பயன்படுத்தினார்கள், தெலக்ருவா 1854இல் எடுக்கவைத்த நிர்வாணப் படங்களைப் பார்த்து நிறைய வரைந்திருக்கிறார். ஆனால் அவர் அதற்கு முன்பே பல ஆண்டு மாடலை வரைந்தவர், படம் எங்கே பொய் சொல்கிறது என்று அவருக்குத் தெரியும். படத்திலிருந்து வரைவது மறுபடி தட்டையானதைத் தட்டையாக்குவதுதான், அதற்கு பார்குவே மேல், அங்கே ஒரு தேர்ந்த கண் டோன்களைப் பிரித்து வைத்திருக்கிறது.

ஒரே பார்வையில்

| | பிளேட் | பிளாஸ்டர் | மாடல் | அட்டெலியே |
|---|---|---|---|---|
| அதிகம் பழகுவது | அளவு, கோணம் | ஒளி, தளம் | எடை, அசைவு, உடற்கூறு | எல்லாம் |
| தப்பு எப்படித் தெரியும் | டிரேசிங் தாள் போதும் | கோடு தெரியும், டோனுக்கு ஆள் வேண்டும் | ஆள் கட்டாயம் | ஆசிரியர் உண்டு |
| வெளிப்படையான செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் | தொடர்ச்சியானது | மிக அதிகம் |
| மறைவான செலவு | வீணாகும் மாதங்கள் | இடம், ஒளி | ஏற்பாடு, அனாடமி | இழந்த சம்பளம் |
| எப்போது வற்றும் | சீக்கிரம் | மெதுவாக | வற்றாது | படிப்பு முடிந்ததும் |

யாருக்கு எது

வேலைக்குப் போய்க்கொண்டு, ராத்திரியும் ஞாயிறும் மட்டும் கையில் இருப்பவர்களுக்கு: முதல் பகுதியிலிருந்து ஐந்தாறு பிளேட், மூன்றாம் பகுதியிலிருந்து இருபது, எல்லாம் கரிக்குச்சியில். அதற்குள்ளேயே ஒரு கை அல்லது பாதத்தின் வார்ப்பைத் தேடிவையுங்கள். மூன்றாம் பகுதியில் பாதியைத் தாண்டும்போதே மாடல் குழு ஒன்றைக் கண்டுபிடித்துவிடுங்கள், முழுவதும் முடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம்.

ஏற்கெனவே ஓவியக் கல்லூரியில் படித்து, மாடல் வகுப்பில் கை பழகி, ஆனால் உருவம் இன்னும் தட்டையாக வருகிறதே என்று வருந்துகிறவர்களுக்கு: பிளேட் பக்கமே போகாதீர்கள். ஒரு பிளாஸ்டர் தலை, ஒரு விளக்கு, இரண்டு மாதம்.

ஸ்கெட்ச் குழுக்களில் வேகமாக வரைந்து பழகி, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு தாளில் என்ன செய்வது என்றே தெரியவில்லை என்பவர்களுக்கு நீண்ட நிலைதான் மருந்து. முதல் முழு நாளில் நிழல் போடமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டு உட்காருங்கள், கடினமாக இருக்கும், கோட்டை மட்டும் திருத்திக்கொண்டே இருங்கள்.

பிளேட்டுகளிலேயே வருடக்கணக்காக இருப்பவர்களுக்கு: இப்போது கையில் இருப்பதை முடிக்காமலேயே நிறுத்திவிடலாம். அடுத்த வாரமே ஒரு நண்பரை இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்காரச் சொல்லி வரையுங்கள்.

திருத்த ஆள் கிடைக்காதவர்கள் ஒருவருக்கொருவர் திருத்திக்கொள்ளலாம். ஜூலியனிலும் போஸாரிலும் பேராசிரியர் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் வந்தார், மற்ற நாளெல்லாம் பழைய மாணவர்கள்தான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு பேர் போதும். உங்கள் படத்தை அவருக்கும் அவர் படத்தை உங்களுக்கும் தலைகீழாகத் திருப்பிக் காட்டி, முதலில் எடை, அடுத்து அளவு, கடைசியில் டோன் என்ற வரிசையில் பேசுங்கள். மாடல் நின்ற இடத்தின் சாக்பீஸ் குறிகளையும் தூக்குநூல் விழுந்த இடத்தையும் தாளின் ஓரத்தில் குறித்து வைத்திருந்தால் அந்தப் பேச்சு வெறும் அபிப்பிராயமாக இருக்காது, அளந்து பார்த்துவிடலாம்.